தம்பி லொறியில் ஏறாத செவ்வாய்க்கிழமை

மகளைத் தள்ளுவண்டியில் இருத்திக்கொண்டு நூலகத்துக்குப் போய், பொலிவியாவைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். மேசையிலிருந்த பெண், விடுமுறைக்குப் போகிறீர்களா என்று முகம் மலரக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். என் தம்பியை ஏஜென்சிக்காரன் அந்த நாட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறான், அவன் எல்லை கடந்து பிரேசிலுக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறி லண்டனுக்கு வர வேண்டும் என்று அவளிடம் சொல்ல முடியுமா? எப்போது பயணம் என்றும் கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது பொய்யில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு எட்டு மாதம். என் கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு, கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் தாண்டி, கொழும்புக்கு வந்து, அவனை விமானம் ஏற்றிவிட்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தா. அவனுக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு அவன் ஒருவன்தான்.

அவனோடு இன்னும் நான்கு பேர் போயிருந்தார்கள். ஏஜென்சி அவர்களைப் பக்கத்து நாடொன்றில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் பொலிவியாவுக்குள் கொண்டுவந்தது. அங்கு போய்ச் சேர்ந்து அவன் முதல் தடவை கதைத்தபோது, எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் பஸ்ஸைப் பற்றித் தொடங்கிவிட்டான்.

"அக்கா, வழியிலை ஒரு பெரிய ஏரி. கடல் மாதிரி. பஸ்ஸைப் பாதையிலை ஏத்திறாங்கள். ஊர்காவற்றுறையிலை ஏத்திற மாதிரித்தான்."

வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம்.

"நீ பஸ்ஸுக்குள்ளையோ இருந்தனி?"

"இல்லையணை. ஆக்கள் எல்லாரும் இறங்கி வேறை வள்ளத்திலை போகவேணும். பஸ் தனிய வருது, மாப்பிள்ளை மாதிரி."

செவ்வாயும் சனியும் அவன் அங்கே காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி நிலையத்துக்குப் போவான். எங்களுக்கு அப்போது பிற்பகல் இரண்டு மணி. நான் ஒன்றரைக்கே மகளை நித்திரையாக்கிவிட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருப்பேன். அவன் இருந்த நகரம் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் போல இருந்ததாம். பத்துப் படி ஏறினால் நெஞ்சு அடைக்குமாம். சின்ன வான்களின் கதவில் தொங்கிக்கொண்டு பெண்கள் போகுமிடங்களின் பெயர்களைப் பாடுவது போலச் சொல்லுவார்களாம். மூன்று கிழமையில் அவற்றை அவன் பாடமாக்கியிருந்தான். ஒரு நாள் மகள் விழித்திருந்தபோது ரிசீவரை அவள் காதில் வைத்தேன். அவன் அந்தப் பெயர்களை ஒரே மூச்சில் கத்திச் சொன்னான். மகள் பல்லில்லாத வாயால் சிரித்தாள். அவர்கள் இருவரும் கதைத்தது அவ்வளவுதான்.

நூலகப் புத்தகத்தில் நாட்டுக்குள் பயணம் செய்வது பற்றி ஒரு அதிகாரம் இருந்தது. நான் வாசித்தது அதை மட்டுந்தான். பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கொப்பியில் குறிப்பெடுத்தேன். சிறிய விமானங்கள் மழை பெய்தால் பறக்காது. பஸ்கள் நல்ல தெருவில் மட்டும் ஓடும். தெரு கெட்ட இடங்களில் லொறிதான் பஸ். மரக்கறி மூட்டைகளுக்கு மேல் சனங்கள் இருந்து போவார்கள். ரயில் சில இடங்களில் மட்டும். வடக்கே ஆறுகளில் சரக்குப் படகுகள். இவர் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டே கொப்பியை எட்டிப் பார்ப்பார்.

"இஞ்சரும், பயப்பிடுறதுக்கு ஒரு பட்டப்படிப்பு இருந்தா நீர் முதலாம் வகுப்பு."

"ஆராவது ஒராள் பயப்பிடத்தானே வேணும்."

"அதுக்கு நாடு முழுக்க லொறி ஓடிப் பழகவேணுமே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவும் எழுந்து மகள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்திருப்பேன். அந்த வருடம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். பால் சூடா, ஜன்னல் பூட்டியதா, தம்பி சொன்ன ஊரின் பெயரைச் சரியாக எழுதினேனா.

ஒரு சனிக்கிழமை அவன் செய்தி சொன்னான். ஏஜென்சியின் ஆள் வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை விடிய ஒரு லொறியில் ஐந்து பேரையும் மலைத்தெருவால் வடக்கே அனுப்புகிறான். எல்லை ஊரில் ஒரு விடுதியின் பெயர் தந்திருக்கிறான். லொறியில் வராதவர்கள் தங்கள்பாட்டில் மூன்று கிழமைக்குள் அங்கே வந்து சேர வேண்டும்.

அந்த மலைத்தெருவை எனக்குத் தெரியும். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அதுதான். ஒரு லொறி அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனிப்புகாருக்குள் மறைந்த பள்ளம். விழுந்தவர்களுக்காக வளைவுகளில் சிலுவைகள் நட்டிருந்தார்கள். ஆற்றுப் படகைப் பற்றி நான்கு வரிகள் மட்டும் இருந்தன: மெதுவான பயணம், ஏழிலிருந்து பத்து நாள், ஏணை கட்டிப் படுக்கலாம், கரையில் குரங்குகள் தெரியும், நுளம்பு கடிக்காமல் வலையும் காய்ச்சலுக்குக் குளிசையும் கொண்டுபோகவும். ஏணை என்றதும் என் மகளுக்குச் சேலையில் கட்டியிருந்த ஏணை நினைவுக்கு வந்தது. கிளாலியில் நேவி சுடச்சுடப் படகில் வந்தவனுக்கு, யாருமே சுடாத ஒரு ஆறு என்ன செய்யும்? இரண்டு வழியும் ஒரே எல்லை ஊருக்குத்தான் போயின. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு முடிவு செய்துவிட்டேன்.

"தம்பி, லொறியிலை போகாதை. படகாலை போ."

"என்னணை கதைக்கிறாய்? எல்லாரும் லொறியிலை போகினம்."

"அந்த றோட்டைப் பற்றிப் புத்தகத்திலை போட்டிருக்கு. வளைவுக்கு வளைவு சிலுவை."

"புத்தகத்தை மூடி வை. ஷெல்லுக்குப் பயப்பிடாத நான் றோட்டுக்கோ பயப்பிடப் போறன்?"

"நீ இப்ப ஸ்பானிஷ் கதைக்கிறாய்தானே. தனியப் போகலாம்."

"கதைக்கிறன். வான் கதவிலை தொங்கிறதுக்கு அது காணும்." சிரித்தான். "சரி வேறை ஏதும் சொல்லு, நேரம் போகுது."

என் கையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்பது விடயங்களை ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். அதை வாசிக்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். தமிழ்க் கடையில் தந்த கலண்டர் தொங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே தசமி என்று போட்டிருந்தது.

"செவ்வாய் அட்டமி," என்றேன். "அம்மா சொன்னவ. அட்டமியிலை வெளிக்கிட வேண்டாமாம்."

அட்டமியில் பயணம் தொடங்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள். அம்மாவோடு இதற்காக எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். தம்பி என் பக்கந்தான் நிற்பான். ஆனால் அம்மாவை விட்டுவிட்டு வந்த பிறகு அவன் மாறியிருந்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

அவன் சிரிப்பு நின்றது.

"அம்மா சொன்னவவோ?"

"ஓம்."

"கவலைப்படுறாவோ?"

"ஓம். நீ கேட்கமாட்டாய் எண்டு அழுறா."

"சரி அப்ப," என்றான். "அழ வேண்டாம் எண்டு சொல்லு. நான் படகாலை போறன்."

துண்டைப் பார்த்தேன். முதலாவது, கொதித்தாறிய தண்ணீர். இரண்டாவது, விடுதியின் பெயரை இரண்டு இடத்தில் எழுதி வை. மூன்றாவதைத் தொடங்கியபோது இணைப்பு அறுந்துவிட்டது. ஏழாவது நுளம்பு வலை. எட்டாவது காய்ச்சல் குளிசை.

அடுத்து அவன் எடுத்தபோது நான் மகளை நிறுக்க கிளினிக்குக்குப் போயிருந்தேன். ஷிப்ட் முடிந்து படுத்திருந்த இவர்தான் எழுந்துபோய்க் கதைத்திருக்கிறார்.

"சுகமாம். படகு பிடிக்க ஆத்தடிக்குப் போறானாம். பஸ்ஸைத் தண்டவாளத்திலை விட்டிருக்கிறாங்களாம். பஸ்தானாம், ஆனா ரயில் றோட்டிலை ஓடுதாம். உமக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னவன்."

"வலை வாங்கச் சொன்னீங்களோ? துண்டு உதிலைதானே ஒட்டிக்கிடக்கு."

"அவன் என்ன சின்னப் பிள்ளையே?"

நான் இவரைக் குறை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. நித்திரையால் எழும்பி வந்த மனிதர் சுவரில் இருந்ததை வாசித்திருக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வேன்? அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் இரண்டு மணிக்கு நிலத்தில் இருந்தேன். ஆற்றில் தொலைபேசி இல்லை என்பது தெரியும். ஆனாலும் இருந்தேன். மூன்று கிழமை போனது. நாலாவதும் போனது. புத்தகத்தின் தவணை முடிந்து, நூலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். பயணம் முடிவாகிவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஏழாவது கிழமை ஒரு மத்தியானம் கதவு தட்டினார்கள். இறங்கிப் போய்த் திறந்தேன். தோளில் ஒரு பையோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். தம்பியோடு போன ஐந்து பேரில் மூத்தவர் அவர். தம்பி அவரை அண்ணை என்றுதான் சொல்லுவான். ஒரு கிழமைக்கு முன் லண்டனுக்கு வந்து, இங்கே அகதிக் கோரிக்கை கொடுத்திருந்தார். முகவரியைத் தம்பியே எழுதிக் கொடுத்திருந்தான்.

"தங்கச்சி, தம்பி வந்திட்டானோ?"

மகளை இடுப்பில் வைத்திருந்தேன். அவளை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன்.

"நாங்கள் எல்லையிலை மூண்டு கிழமைக்கு மேலை பார்த்தனாங்கள். அவன் வரேல்லை. வேறை வழியாலை முந்திக்கொண்டு வந்திட்டானோ எண்டு..." நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

மேலே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தேன். லொறிப் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியாது. வெங்காய மூட்டைக்கு மேல் இருந்தார்களாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினாராம்.

"பயங்கரமான றோட்டுத்தான் தங்கச்சி. சில்லு விளிம்பிலை போகுது. ஆனா என்ன, காலமை ஏறினம், பின்னேரம் மலை முடிஞ்சுது. பிறகு வெறும் புழுதி. அஞ்சாம் நாள் எல்லையிலை நிண்டம்." கோப்பையைக் கீழே வைத்தார். "அவனை எவ்வளவு கெஞ்சினம். அம்மா சொல்லிப்போட்டா எண்டு ஒரே பிடி. அம்மாவின்ரை சொல்லை மீறுற பிள்ளையை நானும் எப்பிடி இழுக்கிறது?"

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மகளின் சப்பாத்தைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

கடிதம் அதற்குப் பிறகு வந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சிறிய ஆஸ்பத்திரி நடத்தும் கன்னியாஸ்திரி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒரு படகுக்காரர் கடும் காய்ச்சலோடு ஒரு இளைஞனைக் கொண்டுவந்து விட்டாராம். நான்கு நாள் இருந்தானாம். அவனுடைய பாஷை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லையாம். கடைசியில் ஊர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவன் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். சட்டைப்பையில் என் முகவரி இருந்ததாம். சேர்ச்சுக்குப் பின்னால் அடக்கம் செய்ததாகவும், அங்கே ஒரு மாமரம் நிற்பதாகவும் எழுதியிருந்தார்.

அந்த ஊர்கள் எவை என்று எனக்குத் தெரியும். வான் கதவில் தொங்கும் பெண்கள் பாடுபவை. என் மகளைச் சிரிக்க வைத்தவை.

லொட்ஜுக்கு எடுத்து அம்மாவிடம் சொன்னது நான்தான். அம்மா கத்தவில்லை. "போகேக்கை நான் ஒரு சொல்லும் சொல்லி அனுப்பேல்லை," என்றா. "பிளேனுக்கு நேரமாச்சு எண்டு அவசரப்படுத்தினவங்கள். கவனமாப் போ எண்டுகூடச் சொல்லேல்லை. என்ரை ஒரு சொல்லும் இல்லாமல் போயிட்டான்."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் சடங்கை வீட்டில் செய்தோம். அது முடிந்து பத்து நாள் இருக்கும், தபால்காரர் ஒரு தபாலட்டையைப் போட்டுவிட்டுப் போனார். தம்பியின் கையெழுத்து. அதைத் தூக்க எனக்கு அரைமணி நேரம் எடுத்தது. அட்டையின் ஒரு பக்கத்தில் படம்: பனிப்புகார் மூடிய மலை விளிம்பில் ஒரு லொறி, அதன் பின்னால் நின்றுகொண்டு கைகாட்டும் சனங்கள். மறுபக்கம் நெருக்கி எழுதியிருந்தான்.

"அக்கா, படகுக்கு எட்டு நாள் காத்திருந்தேன். நாளைக்கு வெளிக்கிடுது. அட்டமி எப்ப எண்டு இங்கே பார்க்க வழியில்லை. நல்ல நாளாத்தான் இருக்கும். உனக்குப் பிடித்த லொறியின் படம் அனுப்புகிறேன், பார்த்துப் பயப்பிடு. சொன்னபடி கேட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு."

திகதி போடவில்லை. முத்திரை மேல் குத்திய மையும் கலைந்திருந்தது. எனக்கு அட்டமியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கலண்டரை எடுத்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவன் ஏறியது அட்டமியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல தடவை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது.

அட்டையை மகளின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் வைத்தேன். இவருக்குக்கூடக் காட்டவில்லை.

அம்மா லண்டனுக்கு வந்தபோது மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அம்மாவின் இரண்டு கண்ணிலும் படலம். வந்த நாள் தொட்டு, கோயிலுக்குப் போகும் பஸ்ஸிலும், சமைக்கும்போதும், அதையே சொல்லுவா: ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. மகளுக்குச் சப்பாத்து மாட்டும்போதும், "கவனமாப் போ அம்மா," என்று மூன்று தடவை சொல்லுவா. அவள் போவது தெருமுனைக்குத்தான்.

அம்மாவின் மனத்தை ஆற்றக்கூடிய ஒரே ஒரு பொருள் என்னிடம் இருந்தது. அவன் கடைசிவரை அம்மாவின் சொல்லோடுதான் போனான் என்று அவனே எழுதியிருந்தான். அதைக் கொடுத்தால் அந்தச் சொல் யாருடையது என்றும் சொல்ல வேண்டும்.

கண் ஆபரேஷனுக்குத் திகதி வந்த கடிதத்தைத் தேடியபோது தடுப்பூசிப் புத்தகத்தை மேசையில் எடுத்துப் போட்டேன். அட்டை நழுவியது. அம்மா அதை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தா.

"இதென்ன பிள்ளை, படமோ?"

"தம்பி போட்ட கார்ட் அம்மா." என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மா கதிரையில் இருந்தா. "வாசி."

வாசித்தேன். படகு நாளைக்கு வெளிக்கிடுது. உனக்குப் பிடித்த லொறியின் படம் அனுப்புகிறேன். அம்மாவிடம் சொல்லு. அதோடு நிறுத்தினேன்.

"என்னத்தைச் சொல்லச் சொன்னவன்?"

"சுகமா இருக்கிறன் எண்டு."

அம்மா கையை நீட்டி அட்டையை வாங்கிப் படத்தைத் தடவினா. "இது என்ன?"

"லொறி. மலையிலை போற லொறி."

"இதிலையோ போனவன்?"

"இல்லை அம்மா. இதிலை போகேல்லை."

அம்மா அட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்தா. நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதல் கண்ணின் கட்டு அவிழ்த்த மறுநாள், அம்மா சமையலறை ஜன்னலடியில் நின்று அதை வாசித்தா. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்து, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தா.

"அட்டமி எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"நீங்கள் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். லொறியிலை போகாமல் இருக்க உங்கடை பேரைச் சொன்னனான்." தண்ணீரை நிறுத்தினேன். "அண்டைக்கு அட்டமியும் இல்லை. தசமி."

அம்மா என்னைப் பார்த்தா. புதிதாகக் கிடைத்த பார்வை. என் முகத்தில் அந்த ஐந்து வருடத்தையும் பார்த்திருப்பா. நான் காத்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை. அடிப்பதற்கென்றாலும் சரி.

"என்ரை பேரைச் சொன்ன உடனை கேட்டவனோ?"

"ஓம் அம்மா. அதுக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கேல்லை."

அம்மா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தா. ஜன்னலுக்கு வெளியே பார்த்தா. என் பக்கம் திரும்பாமலே சொன்னா:

"பள்ளிக்கூடம் விடப்போகுது. பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கும். போய்க் கூட்டிக்கொண்டு வா."

நான் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினேன். கவனமாகப் போ என்று பின்னால் சொல்லுவா என்று கடைசிப் படிவரை காது கொடுத்தேன்.